இரண்டு தட்டு

கூண்டுச் சண்டை பார்க்கிற அத்தனை பேருக்கும் ஒரு காலத்தில் பூட்டு என்றால் யார் என்று தெரியும். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டையில் ஏழு வருடம் சாம்பியன் பெல்ட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர். முப்பத்தொரு சண்டை, இரண்டே தோல்வி. எதிராளியின் கையோ கழுத்தோ ஒரு தடவை அவர் பிடிக்குள் போய்விட்டால் போனதுதான், உடும்புப் பிடி. அதனால் வந்த பட்டப்பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

திரும்பிப் பார்க்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடது காது சுத்தமாகக் கேட்காது. பத்தொன்பதாவது சண்டையில் ஒருவன் விட்ட உதையில் செவிப்பறை போய்விட்டது. அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் தோளைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள்.

இப்போது ஐம்பத்தாறு வயது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, ஒற்றைத் துண்டு காய்கிற கொடி. சண்டைச் சங்கத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். சண்டை நாளன்று உடை மாற்றும் அறை அறையாகப் போக வேண்டும். பையன்கள் கையில் சுற்றியிருக்கிற துணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே கெட்டியாக எதையும் ஒளித்து வைக்கவில்லை என்றால் அதன்மேல் மார்க்கரால் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்துக்கு இரண்டு நாள் வேலை வந்தால் அதிகம். மிச்ச இருபத்தெட்டு நாளும் அவரும் அந்தச் சுவர்களும்தான். ஃப்ரிட்ஜ் திடீரென்று உறுமினால் "என்ன?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. இருக்கிறது ஒரே மகள். முப்பத்துநான்கு வயது, கண் பரிசோதனை செய்கிற வேலை, இதே ஊரின் மறுகோடியில் வீடு. மாதம் பிறந்தால் முதல் தேதி போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வெச்சிடறேன். நாற்பது நொடி. அம்மா இருந்தவரை அவள் வீட்டுக்கு வந்து மணிக்கணக்கில் சமையல் மேடையில் உட்கார்ந்து கதையடித்துவிட்டுப் போனவள். அம்மாவோடு அதெல்லாம் போயிற்று. என்ன கோபம் என்று பூட்டுக்குத் தெரியாது. கேட்கத் தோன்றாது என்றில்லை, வாய் வராது. கூண்டுக்குள் புலி, வீட்டுக்குள் வாயில்லாப் பூச்சி. அப்படி ஒரு பிறவி.

இந்தத் தடவை அவள் பன்னிரண்டாம் தேதியே கூப்பிட்டாள். பூட்டு நல்ல காதில் போனை வைத்துக்கொண்டார்.

"அப்பா, வெளிநாட்டு வேலை கிடைச்சிடுச்சு. உங்க மாப்பிள்ளை முன்னாடியே போய் வீடு பாத்துட்டாரு. வெள்ளிக்கிழமை நான் கிளம்புறேன். ஏர்போர்ட் போற வழியில பதினோரு மணிக்கு வரேன். அம்மா பெட்டி என்கிட்ட இருக்கு, அதைக் குடுக்கணும்."

"எவ்வளவு நாள் இருப்ப அங்க?"

"தெரியலப்பா. இப்போதைக்குத் திரும்பற யோசனை இல்ல."

"ஞாயித்துக்கிழமை எனக்கு விழா எடுக்குறாங்கம்மா."

"பேப்பர்ல பாத்தேன். டிக்கெட் போட்டாச்சு."

எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, பூட்டு கேட்டுவிட்டார். "என் மேல என்னம்மா கோவம்?"

போனில் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது.

"கோவம்லாம் ஒண்ணும் இல்ல. அம்மா போன அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல உங்களக் கட்டிப் பிடிச்சு அழுதேன். ரெண்டு செகண்டுல விட்டுட்டீங்க. அப்படியே நிக்க வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிட்டீங்க. அன்னைக்கு மட்டும் இல்லப்பா. சின்ன வயசுலேர்ந்து எப்பக் கட்டிப் பிடிச்சாலும் முதல்ல விடுறது நீங்கதான். உங்களுக்குப் பிடிக்கல போலன்னு நானே பழகிக்கிட்டேன். சரி, வெள்ளிக்கிழமை பாக்கலாம்."

வைத்துவிட்டாள். பூட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விட்டேனா? எப்போது விட்டேன்? வராண்டா ஞாபகம் இருக்கிறது, அவள் தலைமுடி கன்னத்தில் பட்டது ஞாபகம் இருக்கிறது, நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது ஞாபகம் இருக்கிறது. விட்டது மட்டும் ஞாபகம் இல்லை. அவள்தான் விலகினாள் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை சங்கத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். விழாவில் போட அவருடைய பழைய சண்டைகளை வைத்து ஒரு படம் தயாராகிக்கொண்டிருந்தது. யார் எவர் என்று அடையாளம் காட்ட அவர் வர வேண்டுமாம்.

விழா எதற்கு என்று இங்கே சொல்லிவிடுகிறேன். பெல்ட்டுக்காக இல்லை. பெல்ட் வாங்கினவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூண்டுக்குள் பூட்டில் மாட்டினவன், இனித் தாங்காது என்றால், எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டுவான். தோற்றேன், விடு என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு மூச்சு நேரம் இறுக்கினால் எலும்பு போகும், ஆளே போவதும் உண்டு. தட்டியது தெரிந்தும் தெரியாத மாதிரி இறுக்கிக்கொண்டு, நடுவர் வந்து பிய்த்து எடுக்கட்டும் என்று இருக்கிற மகாராஜன்கள் நிறைய. பூட்டு அப்படியில்லை. முப்பத்தொரு சண்டையிலும் தட்டிய நொடியில் விட்டவர். அவரிடம் தோற்றவர்களெல்லாம், தோற்றாலும் உடம்பு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அதற்காகத்தான் இனி வருடா வருடம் நேர்மையான சண்டைக்காரருக்கு அவர் பெயரில் ஒரு கேடயம்.

எடிட்டிங் அறை ஒரு அலமாரி அளவுக்குத்தான் இருந்தது. எடிட்டர் ஒரு இளம்பெண், மடியில் பிஸ்கட் பாக்கெட், எதிரில் இரண்டு திரை.

"சார், இதப் பாருங்க. நீங்க பெல்ட் ஜெயிச்ச சண்டை." வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினாள். இருபத்தெட்டு வயதுப் பூட்டு ஒருவனின் கையைத் தொடைகளுக்கிடையில் இறுக்கிக்கொண்டு கிடந்தார். அவன் இன்னொரு கையால் அவர் காலில் தட்டினான். ஒன்று. இரண்டு. பூட்டின் கைகள் பொசுக்கென்று விரிந்தன.

"ரெண்டாவது தட்டுலேர்ந்து பதினோரு ஃப்ரேம் சார். அரை செகண்டுகூட இல்ல. நடுவர் இன்னும் குனியவே இல்ல பாருங்க. எல்லா சண்டையிலயும் எண்ணிப் பாத்துட்டேன், பத்து, பதினொண்ணு, அதுக்குமேல போகல. மெஷினா சார் நீங்க?"

பூட்டுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

அவள் படத்தை நிறுத்தாமல் விட்டுவிட்டாள். அது அதே மெதுவான வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவர் கையைத் தூக்குகிறார். கூண்டுக் கதவு திறக்கிறது. மனைவி, மஞ்சள் சட்டை போட்ட ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பூட்டு மெல்லுவதை நிறுத்தினார். திரையில் அவர் மகளை வாங்கி நெஞ்சோடு அணைக்கிறார். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் அம்மா அவளைத் தூங்க வைப்பாளே, அதே மாதிரி உள்ளங்கையால் அப்பா முதுகில் தட்டிக் கொடுக்கிறது. ஒன்று. இரண்டு.

கைகள் விரிந்தன. குழந்தை வழுக்கிக்கொண்டு இறங்கி, அவர் கால்சட்டையைப் பிடித்துத் தொங்கி, அண்ணாந்து பார்த்தது. திரையிலிருக்கிற பூட்டு அதைக் கவனிக்கவில்லை. கூட்டத்துக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ பாப்பாவ விட்டுட்டீங்க சார்," என்று எடிட்டர் சிரித்தாள்.

பூட்டின் முகத்தில் ஈயாடவில்லை. "அதையும் எண்ணிப் பாரும்மா."

"எதை சார்?"

"பாப்பா தட்டுனதுலேர்ந்து நான் விட்ட வரைக்கும்."

அவள் பின்னால் தள்ளி ஒவ்வொன்றாக எண்ணினாள். சிரிப்பு குறைந்தது. "பதினொண்ணு சார்."

திரும்பி வரும் வழியெல்லாம் பூட்டு பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தார், இடம் காலியாக இருந்தும். பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்தது. கல்லூரிக்குப் போகும்போது ரயில்வே பிளாட்பாரம். அவள் கல்யாண நாள். ஆஸ்பத்திரி வராண்டா. எல்லாவற்றிலும் அவளுடைய உள்ளங்கை அவர் முதுகில் தட்டியது. தட்டித் தட்டி வளர்த்த பிள்ளை அது. அப்பன்காரன் பயிற்சி முகாம் பயிற்சி முகாம் என்று ஊர் ஊராகத் திரிந்தபோது அம்மா மடியில் போட்டுத் தட்டியே வளர்த்தாள். பிரியம் என்றால் தட்டிக் கொடுப்பது என்று அந்தக் குழந்தை கற்றுக்கொண்டது. தட்டினால் விட வேண்டும் என்று இந்த மனிதர் கற்றுக்கொண்டார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. இருபத்தெட்டு வருடம் போய்விட்டது.

புதன்கிழமை காலையில் கோணலின் கடைக்குப் போனார். கோணல் அவருடைய பழைய பயிற்சித் தோழன், இப்போது காருக்குச் சக்கரம் நேர் பார்த்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான். வலது முழங்கை முழுசாக நீளாது, ஒரு மாதிரி கோணிக்கொண்டே நிற்கும். கையைக் கோணலாக்கினது வேறு யாருமில்லை, நம் பூட்டுதான். இருபத்திரண்டு வயதில் ஒரு பயிற்சியில் கோணல் இரண்டு தடவை தட்டினான். பூட்டுக்கு அது தெரிந்தது. தெரிந்தும், இன்னும் ஒரு மூச்சு பார்க்கலாம் என்று இறுக்கினார். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் வந்தது. கோணலின் சண்டை வாழ்க்கை அந்தச் சத்தத்தோடு சரி. அதற்குப் பிறகு ஒரு வருடம் பூட்டு வேறெந்தப் பயிற்சியும் செய்யவில்லை. ஆளை விட்டுத் தட்டச் சொல்லி, தட்டினதும் விட, தட்டினதும் விட, தினமும் முந்நூறு தடவை. மூளைக்குச் சேதி போகும் முன்னால் கை விரிகிற வரைக்கும்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோணல் கையைத் துடைத்துக்கொண்டான்.

"இப்ப என்னடா பண்ணணும்ங்கற?"

"என்னக் கட்டிப்பிடிச்சுத் தட்டு. நான் விடாம இருக்கப் பழகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"ரெண்டு நாள்ல?"

"தட்டுடா."

கடைப் பையன்கள் இல்லாத வேளையாகப் பார்த்து, தூக்கி நிறுத்திய ஒரு காருக்குப் பின்னால், எண்ணெய்க் கறையும் வேர்வையுமாக இரண்டு கிழட்டுச் சண்டைக்காரர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோணல் தட்டினான். கை விரிந்தது. மறுபடியும். விரிந்தது. ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், பல்லைக் கடித்துப் பார்த்தார், கண்ணை மூடி வேறெதையாவது நினைத்துப் பார்த்தார். நாற்பது தடவை தட்டினான் அந்தப் புண்ணியவான். நாற்பது தடவையும் விரிந்தது. காரை எடுக்க வந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

"வியாபாரத்தக் கெடுக்காதடா," என்றான் கோணல். "விடாம பிடிடான்னா விடுறியே."

"நானா விடுறேன்? கை விடுது."

இரண்டு பேரும் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்கள். கோணல் தன் முழங்கையைத் தடவிக்கொண்டான்.

"இது என் கைய ஒடச்சுக் கத்துக்கிட்டதுடா. ரெண்டு நாள்ல மறக்காது. வாயால சொல்லிடேன்."

"சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்."

"முப்பத்துநாலு வருஷம் ஆச்சு. என்கிட்ட ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கியா?"

பூட்டு தரையைப் பார்த்தார்.

"நீ கேட்டதில்ல. ஆனா அதுக்கப்புறம் நீ ஒருத்தன் கையையும் ஒடைக்கல. ஒவ்வொரு சண்டையும் டிவியில பாப்பேன். தட்டுன உடனே விடுவ. எனக்காகத்தான் விடுறான்னு நினைச்சுப்பேன். எனக்கு அது போதும், நான் கூண்டுக்குள்ள உருண்டவன், எனக்குப் புரியும். அந்தப் பொண்ணுக்கு எப்படிடா புரியும்? அதுக்கு வாயத்தான் தொறக்கணும்."

வியாழக்கிழமை முழுக்கப் பூட்டு வாயைத் திறந்து ஒத்திகை பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று ஆரம்பிப்பார், மென்று விழுங்குவார், போய்த் தண்ணீர் குடிப்பார். ஃப்ரிட்ஜ் மட்டும் அவ்வப்போது பதில் சொன்னது. வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு கோப்பையைக் கழுவி மேசைமேல் வைத்தார். இரண்டாவது கோப்பை ஓரத்தில் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது, அதைச் சுரண்டி எடுக்கவே நேரமாயிற்று.

பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு அவள் வந்தாள். கீழே டாக்ஸி நின்றது, பெட்டிகளெல்லாம் அதில்தான். தோளில் கைப்பை, கையில் அம்மாவின் தகரப் பெட்டி. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"லேட் ஆயிடுச்சுப்பா. உக்கார நேரமில்ல. இதுல அம்மாவோட கண்ணாடி, வாட்ச்சு, உங்களப் பத்திப் பேப்பர்ல வந்ததெல்லாம் வெட்டி வெச்சிருக்காங்க. நீங்களே வெச்சுக்குங்க."

"டீ போடட்டுமா?"

"வேணாம்ப்பா."

மேசையிலிருந்த இரண்டு கோப்பையையும் அவள் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து கட்டிக்கொண்டாள். பூட்டு இறுக்கி அணைத்துக்கொண்டார். அவள் முடியில் பழைய வாசனையே இருந்தது. விடாதே, விடாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். அவள் உள்ளங்கை முதுகில் வந்து பட்டது. ஒன்று. இரண்டு.

கைகள் விரிந்துவிட்டன. பாழாய்ப்போன கைகள்.

அவள் விலகி, லேசாகச் சிரித்தாள். எதிர்பார்த்தது நடந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "சரிப்பா. உடம்பப் பாத்துக்குங்க." கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு போய்க் கதவுப்பிடியில் கை வைத்தாள்.

"தட்டாதம்மா," என்றார் பூட்டு.

"என்னப்பா?"

"கட்டிப்பிடிக்கும்போது நீ தட்டுற. முதுகுல. ரெண்டு தடவை." ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வந்ததைச் சொன்னார். "கூண்டுக்குள்ள தட்டுனா விட்டுடணும். விடலேன்னா கை ஒடஞ்சிடும். கோணல் மாமா கை நான் ஒடச்சது. அதுக்கப்புறம் யாரு தட்டுனாலும் என் கை தானா விட்டுடும். நான் விடல கண்ணு. செவ்வாய்க்கிழமைதான் எனக்கே தெரியும். பழைய படத்துல பாத்தேன். உனக்கு ஆறு வயசு, நீ தட்டுற, நான் கீழ விட்டுட்டேன்."

அவள் கதவுப்பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. "அம்மா போன அன்னைக்கும்?"

"அன்னைக்கும் நீ தட்டுன."

"உங்களுக்கு ஆறுதலாத்தான் தட்டுனேன்."

"எனக்குத் தெரியும்மா. என் கைக்குத் தெரியல."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு வந்தாள். வந்து, இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கிக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் சட்டைத் துணியை அப்படியே கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தட்டவில்லை. பூட்டு அவளை அணைத்தார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் கை விடவில்லை. அவளை இத்தனை நேரம் நெஞ்சோடு வைத்திருந்ததே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள்.

டாக்ஸி டிரைவர் கீழே ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார். கதவு திறந்திருந்தது. "சார், நேரமாகுது," என்று இடது பக்கமாக வந்து நின்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். பிறகு, காது கேட்காத எந்த மனிதரையும் கூப்பிடுகிற மாதிரி, தோளில் தட்டினார். இரண்டு தடவை.

பதினோரு ஃப்ரேம்கூட ஆகவில்லை. பூட்டின் கைகள் விரிந்து இரண்டு பக்கமும் தொங்கின. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதுகில் சட்டை இழுபட்டது. அந்த முஷ்டிகள் இன்னும் அங்கேயே இருந்தன.

"தட்டுனது நான் இல்லப்பா," என்றாள் மகள், அவருடைய நல்ல காதில். "நான் இன்னும் விடல. திரும்பப் பிடிங்க."

பிடித்தார்.